எட்டுக்கு எட்டுக் கட்டங்களுக்கு நன்றி

பேராசிரியர் நசீர் அகமது அவர்களுக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறான். உங்களுக்கும் உங்களோடு உழைத்தவர்களுக்கும் எங்கள் வீடு பட்டிருக்கும் கடன் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

1974 ஜனவரியில் நீங்களும், உங்கள் மாணவர் டி. நடராஜனும், நண்பர் கே.ஆர். ராவும் சேர்ந்து ஐ.இ.இ.இ. அமைப்பின் கணினி ஆய்விதழில் நான்கே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டீர்கள். டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்பது அதன் பெயர். அதே ஜனவரி 14ஆம் தேதிதான் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அமெரிக்காவில் கான்சாஸிலும் டெக்சாஸிலும் போட்ட கணக்குக்கும் எங்கள் மண்ணுக்கும் அன்றைக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் ஏற்பட முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அது ஏற்பட்ட விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, பிறகு அமெரிக்கா போனவர் நீங்கள். 1972இல் இந்த யோசனையை எழுதி அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டீர்கள். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் கருதியதாகப் பின்னாளில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தும் 1973 கோடையில் நிதி இல்லாமலேயே அதை உட்கார்ந்து போட்டு முடித்தீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை நாலு வரியில் விடை கண்டுபிடித்துவிட்டால், இவ்வளவு சுலபமாக வராதே என்று நாங்களும் சந்தேகப்படுகிறோம். அப்போதெல்லாம் அந்தக் கோடையை நினைத்துக்கொண்டு, அந்த நாலு வரியை இன்னொரு தடவை நிதானமாகப் படிக்கிறேன்.

தொலைபேசி என்ற கருவி என் தம்பி போன்றவர்களுக்கு நூறு வருடத்துக்கும் மேலாக மூடிய கதவாகவே இருந்தது. 1876இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் அம்மாவுக்குக் காது மந்தம், மனைவிக்குக் காது கேட்காது. பெல்லே காது கேளாதவர்களுக்குப் பாடம் நடத்தியவர். ஆனால் அவர்கள் கையால் பேசக் கூடாது, உதட்டைப் பார்த்து வாயால் பேசத்தான் பழக வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர் அவர். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு அதையே தீர்மானமாக நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் நிழல் எங்கள் ஊர் வரைக்கும் விழுந்தது. தம்பி விடுதியில் தங்கிப் படித்த பள்ளியில் வகுப்புக்குள் கையை அசைத்தால் அடி விழும். அதனால் அவன் சைகையைக் கற்றுக்கொண்டதெல்லாம் இரவில், விளக்கணைக்கும் முன், விடுதிப் பிள்ளைகளிடம்தான்.

வீட்டில் எங்களுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. அம்மா என்றால் இரண்டு விரலால் பூக்கட்டுவது போல ஒரு சுற்று, ஏனென்றால் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு அம்மா சரம் கட்டிக் கொடுப்பாள். அப்பா என்றால் தோளில் துண்டை எடுத்துப் போடுவது. எனக்குக் கன்னத்து மச்சம். ஊர் அவனை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்குள் அவனுக்குரிய பெயர் புருவத்தை ஒரு தடவை தூக்கி இறக்குவதுதான். சிறு பிள்ளையிலிருந்தே எதைக் கேட்டாலும் முதலில் புருவம்தான் கேட்கும் அவனுக்கு.

1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகினார்கள். கல் உடைத்தவர்களும் களை எடுத்தவர்களும் மாலையில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். அம்மா அந்த வகுப்பில்தான் எழுதப் படிக்கக் கற்றாள். அதற்கு முன் சிங்கப்பூரிலிருந்து மாமா போடும் கடிதத்தைத் தபால்காரர்தான் படித்துச் சொல்ல வேண்டும். படித்து முடித்து அவர் கிளம்பும்போது வீட்டு ரகசியமும் கூடவே கிளம்பிவிடும். அறிவொளிக்குப் பிறகு அம்மா தன் அண்ணனுக்குத் தானே எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று எங்களுக்குக்கூடக் காட்ட மாட்டாள்.

ஆனால் 2004 வாக்கில் தம்பி திருப்பூருக்குப் போனபோது அந்த எழுத்து அவனைப் போய்ச் சேரவில்லை. பள்ளியில் அவனுக்குத் தமிழை ஒலியாகவே சொல்லிக் கொடுக்கப் பார்த்தார்கள். ஒலியே இல்லாதவனுக்கு எழுத்து எதன்மேல் ஒட்டும்? பஸ் போர்டு படிப்பான், பெயர் எழுதுவான், கூலி கணக்கு அச்சாகப் போடுவான். அம்மாவின் இரண்டு பக்கக் கடிதத்தில் அவனுக்குப் புரிந்தது எங்கள் பெயர்களும் ரூபாய்த் தொகையும் மட்டும். எஸ்.எம்.எஸ்.ஸிலும் அதே கதை.

ஆகவே மிஸ்டு கால். போன் அதிர்வதை அவன் சட்டைப் பையில் உணர்வான். ஒரு மிஸ்டு கால் என்றால் எல்லாரும் சுகம். இரண்டு என்றால் பணம் போட்டுவிட்டேன், அல்லது வந்துவிட்டது. மூன்று என்றால் கிளம்பி வா. பல வருடம் அந்த மூன்று வாக்கியத்தில்தான் எங்கள் குடும்பம் அவனோடு பேசியது. அப்பா இறந்த அன்று நான் மூன்று தடவை அடித்தேன். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தான். திருச்சி தாண்டியும், புதுக்கோட்டை தாண்டியும், வாசலில் பந்தலைப் பார்க்கும் வரை யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலேயே வந்தான்.

போன் முதலில் வந்தது, அதில் முகம் தெரிவதற்கான வழி பிறகுதான் வந்தது. சிங்கப்பூரில் 2005இலேயே மூன்று கம்பெனிகளும் 3ஜி கொடுத்துவிட்டன. மாமா ஊருக்கு வந்தபோது தான் பயன்படுத்திய நோக்கியா என்70 போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கம் ஒரு கேமரா, முன்பக்கம் காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மிளகளவு இன்னொன்று. முன்னால் இருப்பது எதற்கு என்று கேட்டேன். ஆளைப் பார்த்துக்கொண்டே பேசுவதற்கு, அங்கே பேசுகிறார்கள் என்றார். இங்கே அந்தக் கண் திறக்கவில்லை. மெனுவில் வீடியோ கால் என்ற வரியை அமுக்கினால் ஏதோ சுற்றிவிட்டு நின்றுவிடும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த இப்படிப்பட்ட போன்கள் எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் இருந்தன. எல்லாவற்றிலும் முன்கண் சும்மாவே இருந்தது.

உலகத்தில் அந்தக் கண் முதன்முதல் திறந்தது ஜப்பானில். 1999 மே மாதம் கியோசெரா கம்பெனி வி.பி.-210 என்ற கைபேசியை விற்பனைக்கு விட்டது. விநாடிக்கு 2 படம் காட்டும். முகம் பார்க்க அது போதும், கை பேசுவதைப் படிக்கப் போதாது. 2001 அக்டோபரில் அங்கேயே டோகோமோ 3ஜி தொடங்கியது. இந்தியாவில் 2008 டிசம்பரில் டெல்லியில் எம்.டி.என்.எல்., 2009 பிப்ரவரியில் சென்னையில் பி.எஸ்.என்.எல். தனியார் கம்பெனிகளுக்கான ஏலம் 34 நாள் நடந்து 2010 மே மாதம் முடிந்தது. தமிழ்நாட்டில் ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் மூன்றும் எடுத்தன. எங்கள் கடைத்தெருவில் 3ஜி போஸ்டர் ஒட்டியது அதற்குப் பிறகு.

தம்பி திருப்பூரில் செகண்ட்ஸில் இன்னொரு என்70 வாங்கினான். அவன் கூட வேலை பார்க்கும் காது கேளாத நண்பர்கள்தான் எது வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முன்கண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்பது அவர்களுக்குள் அப்போது பரவியிருந்த புத்திமதி.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். அந்த வீடியோ காலுக்கு நெட்வொர்க் ஒதுக்கிய பாதை விநாடிக்கு 64,000 பிட். படம் 176 புள்ளி அகலம், 144 புள்ளி உயரம். என்70 திரையின் அகலமும் சரியாக 176 புள்ளிதான். ஒரு படத்தை நிறத்தோடு அப்படியே அனுப்பினால் ஏறத்தாழ 3 லட்சம் பிட் ஆகும். விநாடிக்கு 15 படம் என்றால் 45 லட்சம். பாதையோ 64 ஆயிரம், அதிலும் 12 ஆயிரம் வரை குரலுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு வேண்டாத குரலுக்கும் அதில் பங்கு போனது. மிச்சத்தில் படம் நுழைய வேண்டுமானால் தொண்ணூறு பங்கில் ஒரு பங்காக அது சுருங்க வேண்டும்.

எப்படிச் சுருங்குகிறது என்பதை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வயலை வைத்துச் சொல்வேன். ஒரு வயலைப் பார்க்காதவனுக்கு அதைச் சொல்ல வேண்டும், ஆனால் பேச நேரம் கொஞ்சம்தான். முதலில் வயலின் பொதுவான மட்டம் எவ்வளவு என்று சொல்வாய். அடுத்து எந்தப் பக்கம் சாய்வு என்பாய். நேரமிருந்தால் நடுவில் ஒரு மேடு, மூலையில் ஒரு பள்ளம். மண்கட்டிகளை எண்ணிச் சொல்ல மாட்டாய், கேட்பவனுக்கும் அவை வேண்டாம். உங்கள் கணக்கு முகத்துக்குச் செய்வது அதைத்தான். படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். அந்தச் சின்னத் திரைக்கு 22 பத்தியும் 18 வரிசையுமாக 396 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 64 புள்ளி. அந்த 64 எண்களையும் மெதுவாக ஏறியிறங்கும் கொசைன் அலை இவ்வளவு, வேகமாக ஏறியிறங்கும் அலை இவ்வளவு என்று வேறு 64 எண்களாக மாற்றி எழுதிவிட்டீர்கள். முகத்தில் பெரும்பாலான செய்தி முதல் சில எண்களுக்குள் வந்து குவிந்துவிடுகிறது. மீதியைக் குறுக்கலாம், விட்டேவிடலாம், கண் பெரிதாகக் குறை சொல்லாது. போன படத்திலிருந்து எது நகர்ந்ததோ அதை மட்டும் அனுப்பும் உத்தியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த கொசைன்தான் இது, வேறெதுவும் இல்லை. எளிமையாக இருக்கிறது என்று அன்று ஒருவர் கருதினாரே, அந்த எளிமையால்தான் பட்டன் வைத்த, சின்ன பேட்டரி போட்ட ஒரு போனால்கூட அதைச் செய்து முடிக்க முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெனுவில் அந்த வீடியோ கால் வரியை அமுக்கியபோது சுற்றல் நின்று படம் வந்தது. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் தம்பி. பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில், லைன் வீட்டு வாசலில், வெயிலில் நின்றிருந்தான்.

"இங்க பாருடி, தாடி வச்சிருக்கான்," என்றாள் அம்மா. அடுத்ததாக, "எளச்சுப் போயிட்டான்டி."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் அந்தப் பக்கத்திலிருந்து கன்னத்தைத் தொட்டான். பிறகு இரண்டு விரலால் காற்றில் ஒரு சரம் கட்டினான். பிறகு தோளில் இல்லாத துண்டை எடுத்துப் போட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கினான். அப்பாவின் திதி எப்போது என்று கேட்கிறான். அப்பா இறந்ததிலிருந்து திதியை அவன் ஊருக்கு வந்தால்தான் கேட்க முடியும். அன்றைக்கு அவன் இருந்த இடத்திலிருந்தே கேட்டான், நான் விரலை மடக்கிப் பதில் சொன்னேன். அவன் பிறந்ததிலிருந்து தொலைவிலிருந்து எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஊரில் மற்றவர்களுக்கு வீடியோ கால் ஏற்கெனவே இருந்த பேச்சோடு முகத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அறந்தாங்கியில் பிரவுசிங் சென்டர் கேபினுக்குள் உட்கார்ந்து குவைத்திலிருக்கும் புருஷனை வெப்கேமில் பார்த்து அழுதுவிட்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் கண்ணீரை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் முந்தின நாள்கூட அவர்கள் போனில் பேசியிருப்பார்கள். என் தம்பிக்கு அந்தச் சின்னத் திரை வந்த நாளில்தான் போனே வந்தது.

அந்தப் பேச்சு சுலபமாக இருந்துவிடவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்தால் பேச ஒரு கைதான் மிச்சம். செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம், சாமி மாடத்தில் வைத்துப் பார்த்தோம். மாடத்தில் வெளிச்சம் போதாது. குண்டு பல்பு வெளிச்சத்தில் முகம் கருத்து, கை மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஆகவே பகலில், வாசல் திண்ணையில் மட்டும்தான் பேச்சு. வேகமாகக் கையை வீசினால் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு வெளிறிய கறையாகிவிடும். நாங்கள் நிதானமாகப் பேசக் கற்றோம். கையை மார்புக்குக் கீழே இறக்காமல் முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசக் கற்றோம். ஒவ்வொரு சொல் முடிவிலும் கையை ஒரு கணம் அசையாமல் நிறுத்தினால், கலைந்த படம் கூடி வந்து சொல் தெளிவாகும். குரல் காலை விடக் காசு கூடுதல், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

சிக்னல் இறங்கும்போதுதான் உங்கள் கட்டங்களை நேரில் பார்த்தோம். பக்கத்து வீட்டு அத்தாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, புள்ள மூஞ்சி கட்டங்கட்டமா தெரியுது," என்பார்கள். பாதை இன்னும் குறுகும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த 64 எண்களில் முதல் எண் மட்டும்தான் வந்து சேரும். அதாவது அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். மூக்கு போய்விடும், விரல்கள் போய்விடும். ஆனால் முகம் இருந்த இடத்தில் மாநிறக் கட்டங்கள் நாலைந்து நிற்கும், கை எழுந்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு எழும். அந்த நிலையிலும் பூக்கட்டும் அசைவைத் தம்பி கண்டுபிடித்துவிடுவான். அம்மா கூப்பிடுகிறாள் என்பது நாலு கட்டத்தில் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த மடலுக்குத் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது. படம் உடைகிறது என்று உலகம் அலுத்துக்கொண்ட அந்தக் கட்டங்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். எல்லாம் போனாலும் கடைசியில் விடக் கூடாதது எது என்று உங்கள் கணக்குக்குத் தெரிந்திருந்தது.

இந்த நன்றியில் வேறு சிலருக்கும் பங்கு உண்டு. 1999 மே மாதமே, கியோசெரா போன் வந்த அதே மாதம், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் குறைந்த வேகத்தில் போகும் வீடியோவில் சைகை மொழியும் உதட்டசைவும் புரிய என்னென்ன வேண்டும் என்று தனியாக ஓர் ஆவணம் வெளியிட்டது. முழுக்க முழுக்கக் காது கேட்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்படும் தரநிர்ணயங்களுக்கு நடுவில் யாரோ சிலர் உட்கார்ந்து என் தம்பியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஈவ் ரிஸ்கின், ரிச்சர்ட் லாட்னர் குழு மொபைல்-ஏ.எஸ்.எல். என்ற திட்டத்தில் கைபேசியில் சைகை பேச வழி தேடியது. லாட்னரின் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். இருக்கிற கொஞ்சம் பிட்டைப் பின்னாலிருக்கும் சுவருக்குச் செலவழிக்காமல் முகத்துக்கும் கைக்கும் கொடு என்று போனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சைகை பேசுபவரின் எதிரிலிருப்பவர் கையைப் பார்க்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவர் பார்ப்பது முகத்தை. கை ஓரக்கண்ணில் படிகிறது. கேள்வியா, மறுப்பா, கிண்டலா என்பதெல்லாம் புருவத்திலும் வாயிலும் இருக்கிறது. தம்பியின் பெயர் புருவத்தில் இருப்பதும் அதனால்தானோ என்று எனக்குத் தோன்றும்.

2010 என்ற வருடத்தை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். நம் நாட்டில் 3ஜி ஏலம் முடிந்தது மே மாதம். ஜூனில் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 4 வெளியிட்டபோது, அதன் விளம்பரத்தில் ஒரு ஜோடி குரல் இல்லாமல் கையாலேயே பேசிக்கொண்டது. ஜூலையில் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு 130 வருடத்துக்கு முந்தைய மிலான் தீர்மானத்தை நிராகரித்து, அதனால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. அந்தக் கோடையில்தான் லாட்னர் குழுவின் போன்களும் மாணவர்கள் கையில் சோதனைக்குப் போயின. கையைக் கட்டிய கயிறும் முகத்தை மறைத்த கதவும் ஒரே வருடத்தில் அவிழ்ந்திருக்கின்றன. தம்பி விடுதியில் அடி வாங்கியது அந்த வருத்தத்துக்கு முன்னால். அந்த அடியை எதுவும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

என்70 இரண்டும் தேய்ந்தன. பிறகு வந்த தொடுதிரை போன்களில் இமோ வந்தது, 2016 செப்டம்பரில் ஜியோ, நவம்பரில் வாட்ஸ்ஆப் வீடியோ. காலுக்குக் காசு பார்க்கும் கவலை போயிற்று. கணக்கு மாறவில்லை. பிறகு வந்த வீடியோ முறைகளும் உங்கள் உருமாற்றத்தையோ அதன் பிள்ளைகளையோதான் உள்ளே வைத்திருக்கின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். எங்கள் பக்கம் தென்னை, பலா, தேக்கு எல்லாம் ஒரே இரவில் படுத்தன. கரண்ட் கம்பங்கள் முறிந்தன, டவர்கள் செத்தன. எங்கோ ஓரிடத்தில் சிக்னல் லேசாக உயிர் வந்தபோது மக்கள் ஓடிப்போய், இருக்கோம், உசுரோட இருக்கோம் என்று கத்திவிட்டு வந்தார்கள். கத்த அந்தச் சிக்னல் போதும். தம்பிக்குக் காட்டப் போதாது. அவனுடைய ரூம் நண்பன் ஒருவனுக்குக் காது கேட்கும். அவனைப் பிடித்து, எல்லாரும் நலம் என்று சொல்லச் சொன்னேன். தம்பி நம்பவில்லை. அப்பா இறந்த இரவின் பஸ்ஸை அவன் மறக்கவில்லை. சுகம் என்று அடுத்தவர் வந்து சொல்வது அவனுக்கு வார்த்தையே ஆகவில்லை. ரோட்டில் மரங்களை வெட்டி வழிவிட்ட பிறகு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் காரைக்குடிப் பக்கம் போய், நல்ல சிக்னலில் நின்று கூப்பிட்டேன். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மாவைத் திரும்பச் சொன்னான், முதுகைப் பார்த்தான், கை கால் காட்டச் சொன்னான். அதன் பிறகுதான் தோப்பு எப்படி என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அம்மா இருக்கிறாள் அல்லவா என்றான்.

கொரோனா காலத்தில் வெளியே எல்லா முகத்திலும் மாஸ்க். உதடும் தெரியாது, முகத்தின் பாதியும் தெரியாது. கடையில், ஆஸ்பத்திரியில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அவனுக்குப் புரியாமல் போன நாட்களில் முழு முகம் கிடைத்த ஒரே இடம் போன் திரைதான். உங்களைப் பற்றி நான் தேடிப் படித்தது அந்தச் சமயம்தான். 2021இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், பிரசவத்தை வீடியோ காலில் பார்க்கும் குடும்பத்தின் கதையோடு உங்களையும் உங்கள் மனைவியையும் காட்டியது என்று அறிந்தேன். பேராசிரியர் ராவ் அந்த வருடம் ஜனவரியில் காலமானார். அவருக்கு நான் எழுத முடியாமல் போனது வருத்தம்தான்.

தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண்ணுக்கும் காது கேட்காது. திருச்சிப் பக்கம். பெரியவர்கள் பேசி முடிக்கும் முன்னால் அவர்கள் இருவரும் வீடியோவில் பல இரவு பேசி முடித்துவிட்டார்கள். இடையில் வேறு யாரும் இல்லாமல், மொழிபெயர்க்க ஓர் அக்கா கூட இல்லாமல். அவர்கள் பேசுவது இந்தியச் சைகை மொழி. எங்கள் வீட்டுச் சைகை அவனுக்கு இப்போது மழலை மாதிரி. நானும் அம்மாவும் அந்தப் பெண்ணிடம்தான், ஞாயிற்றுக்கிழமைகளில், போனிலேயே, அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறோம். முதல் தடவை நான் ஒரு முழு வாக்கியத்தை அவர்கள் இலக்கணத்தில் சொன்னபோது அவள் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினாள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது சண்டை. இதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மூன்று மிஸ்டு காலை வைத்துக்கொண்டு யாரோடும் சண்டை போட முடியாது. போர் தண்ணீர் இறங்கிவிட்டது. இன்னும் ஆழமாக இறக்க வேண்டும் என்கிறாள் அம்மா. விரலைத் தரையைப் பார்த்துத் திருகித் திருகிக் காட்டுகிறாள். பணம் போடுகிறவன் தம்பி. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆழம் போகப் போகப் பக்கத்து வீட்டுக் கிணறு செத்துவிடும், கண்மாயையும் வாய்க்காலையும் தூர் வாருங்கள், அதற்கு வேண்டுமானால் பணம் தருகிறேன் என்று கையால் ஒரு பிரசங்கமே செய்கிறான். அம்மா கோபத்தில் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். அவன் உடனே திரும்ப அழைக்கிறான். அவள் எடுத்து, பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் கையை மட்டும் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்கிறாள். கண்மாய் வாதத்தில் எனக்குத் தம்பி பக்கம் நியாயம் தெரிகிறது. அம்மா எதிரில் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்றிருக்கிறேன், அவன் அதற்கு முன்னாலேயே ஊர்ப் பிள்ளைகள் கண்மாய் வெட்டிய வீடியோ நாலைந்தை அனுப்பிவைத்துவிட்டான்.

உங்களுக்கும், டி. நடராஜன் அவர்களுக்கும், மறைந்த கே.ஆர். ராவ் அவர்களின் குடும்பத்தாருக்கும் எங்கள் மூவரின் வணக்கம்.


ஒரு கணித ஆசிரியை,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.